எண்பத்தொரு பேர்

மூன்றாவது மாடியில் இருந்த அவளுடைய அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தொழிற்சாலையின் பின்பக்கத்து மைதானம் முழுவதும் தெரியும். முதலில் அங்கே மூன்று வரிசை கார்கள்தான் நின்றன. ஒரே மாதத்தில் அது ஒன்பதாயிற்று. அந்தத் திங்கட்கிழமை காலை பையை மேஜைமேல் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பதினான்காவது வரிசை சுற்றுச்சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே மாடல். ஒன்றுகூட விற்பனைக்கு ஏற்றிச் செல்லப்படவில்லை. கூரைகளின் மேல் காக்கைகள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன.

அந்தக் கார் பிறந்ததே அவளால்தான்.

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'சர்வே மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருஷமாக வீடு வீடாக ஆட்களை அனுப்பிக் கேள்வி கேட்பது அவள் வேலை. என்ன நிறம் பிடிக்கும், எத்தனை பேர் உட்கார வேண்டும், டிக்கி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டு, வருகிற பதில்களை அடுக்கி மேலிடத்துக்குத் தருவாள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவள் செய்த ஆய்வுதான் இருப்பதிலேயே பெரியது. நாலாயிரம் வீடுகள். அதில் முக்கியமான கேள்வியை அவளே உட்கார்ந்து எழுதினாள்: 'விலை குறைவாக, ஆடம்பரம் இல்லாமல், பழுதாகாமல் ஓடும் எளிமையான கார் தேவை என்று நினைக்கிறீர்களா?'

நூற்றுக்கு எண்பத்தொரு பேர் ஆமாம் என்றார்கள். அதுவும் வாயளவில் இல்லை, ஆவேசமாக.

"கார்ல திரை எதுக்குங்க? நாங்க என்ன ஓட்டிக்கிட்டே சினிமாவா பாக்கப் போறோம்?"

"கண்ணாடியக் கையால சுத்தி இறக்கினா விரல் தேஞ்சா போயிடும்?"

"சும்மா ஒரு விளக்கு எரியலன்னாக்கூடக் கம்ப்யூட்டர மாட்டிப் பாக்கறாங்க. ஒரு ஸ்பானர் போதற மாதிரி வண்டி செய்யுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

படிக்கப் படிக்க அவளுக்குப் புல்லரித்தது. தானும் மனசுக்குள் இதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. கூட்டத்தில் அந்த எண்பத்தொன்றைச் சுவர் நிறையக் காட்டியபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இன்ஜினீயர்கள் கேட்டதைக் கேட்டபடியே செய்து கொடுத்தார்கள். கையால் சுற்றும் கண்ணாடி, ஒரு ரேடியோ, திரை கிடையாது, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்த இன்ஜின். பின்பக்கம் 'எளியது' என்று ஒரு சின்ன உலோகப் பட்டை. தொழிற்சாலைக்குள் அதற்குச் செல்லப்பெயர் சின்னவன்.

சின்னவன் வந்து ஐந்து மாதமாகிறது. பழுது என்று ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை. வாங்கத்தான் அதிகம் ஆள் வரவில்லை.

பதினோரு மணிக்கு டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம்.

"அந்த எண்பத்தொரு பேரும் எங்கம்மா போனாங்க?"

"ஒரு புது மாடல் சூடுபிடிக்கக் கொஞ்சம் டைம் ஆகும் சார்..."

"பத்து நாள் தர்றேன். ஏன் வாங்கலன்னு தெரிஞ்சிட்டு வாங்க. ரெண்டாவது ஷிப்ட வச்சிக்கறதா வேணாமான்னு அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணணும்."

திரும்பி வரும்போது லிப்டில் லைன் சூப்பர்வைசர் ஏறினார். சின்னவனின் முதல் வண்டியிலிருந்து கூடவே இருப்பவர், இரண்டாவது ஷிப்டின் பொறுப்பாளர். நரைத்த மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச்.

"மேடம், எங்க ஷிப்ட் ஓடுமா, நிக்குமா?" என்றார் நேராக.

"பாத்துட்டிருக்கோம் சார்."

"பாருங்க, பாருங்க," என்றார்.

மறுநாள் நகரத்திலேயே பெரிய ஷோரூமுக்குப் போய், வாங்க வந்தவள்போல சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். விற்பனைப் பையனுக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒரு கணவனும் மனைவியும் சின்னவனைத் தேடிக்கொண்டே வந்தார்கள். அவர் கதவைத் திறந்தார், சாத்தினார், பழக்கடையில் தர்பூசணியைத் தட்டுவதுபோல் பானெட்டைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கெட்டியா இருக்கு. சத்தமே வேற."

"ஒரு குடும்பத்துக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்? மத்ததெல்லாம் வெறும் பந்தா," என்றாள் மனைவி.

கால் மணி நேரம் புகழ்ந்தார்கள். சோபாவில் இருந்தவளுக்கு மூச்சு லேசாகச் சீராயிற்று. அப்போது விற்பனைப் பையன், "அந்தப் பக்கமும் ஒண்ணு நிக்குது சார், சும்மா பாத்துட்டுப் போங்க," என்றான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கம் நின்றது ஒன்றரை மடங்கு விலை. மனைவி உட்கார்ந்ததும் முன்னால் அகலமான திரை மெல்ல ஒளிர்ந்து, 'நல்வரவு' என்றது. அவள் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. தவணை விவரம் கேட்க இருவரும் உள்ளே போனார்கள்.

"நான் ஒண்ணுமே பண்ணல மேடம், நீங்களே பாத்தீங்கல்ல," என்றான் பையன், கையை விரித்து. "தினமும் இதே கதைதான். சின்னவனப் பொண்ணு பாக்கற மாதிரி பாத்துப் புகழ்ந்துட்டு, பெரியவனக் கட்டிட்டுப் போயிடறாங்க."

அவன் ஜோக்குக்கு அவளால் சிரிக்க முடியவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு புதுக் கார் நின்றது. நீல நிறம், பளபளவென்று இருந்தது. கூடத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் மேஜையில் கிடந்த சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கணவர், தங்கையைப் பார்ப்பதா மனைவியைப் பார்ப்பதா என்று தெரியாமல், டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் நழுவிவிட்டார். போன மாதம்தான் இதே கூடத்தில் உட்கார்ந்து, "எங்களுக்குச் சின்னவன் போதும் அண்ணி, நீங்க சொன்னா சரிதான்," என்று நாத்தனார் சொல்லியிருந்தாள்.

"வாங்கிட்டியா?"

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அவருதான்..." என்று ஆரம்பித்த நாத்தனார் நிறுத்திக்கொண்டாள். "அவரு இல்ல. நான்தான்."

"சின்னவன்ல என்ன குறை? அத மட்டும் சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சிக்க மாட்டேன்."

"குறையே இல்ல. அது நல்ல காருன்னு யாருக்குத்தான் தெரியாது? ஆனா ஆபீஸ் வாசல்ல நான் அதுலேருந்து இறங்கினா, 'என்னாச்சு, வீட்ல ஏதாவது கஷ்டமா?'ன்னு கேப்பாங்க அண்ணி. கஷ்டம் இல்லாத நேரத்துலயே நமக்குக் கஷ்டம்னு ஊருக்குச் சொல்ற கார் எதுக்கு? அதுவும் பின்னாடி எழுதி வேற ஒட்டியிருக்கீங்க!"

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

அடுத்த நாள் அவள் பழைய படிவங்களை எடுத்தாள். 'உறுதியாக வாங்குவேன்' என்ற கட்டத்தில் குறி போட்டவர்களில், மறுபடி பேசச் சம்மதித்திருந்த முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, ஆட்களை அனுப்பாமல் தானே நேரில் போனாள். பதினேழு வருஷத்தில் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. ஒரு வாரத்தில் முப்பது பேரையும் பார்த்து முடித்தாள். அவர்களில் சின்னவனை வாங்கியிருந்தவர்கள் மூன்றே பேர்.

வாங்காதவர்களில் ஒருவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் படிவத்தில்தான் ஸ்பானர் போதும் என்ற வரி இருந்தது. வீட்டு முன்னால் பத்து வருஷப் பழைய பெரிய கார் ஒன்று நின்றது. யாரோ ஓட்டித் தள்ளிவிட்டதை வாங்கியிருந்தார்.

"உங்க புது வண்டி விலைதாம்மா இதுக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவ மெக்கானிக் வீட்டுக்குப் போறேன். ஆனா பாருங்க, தோல் சீட்டு!"

"பழுதாகாத வண்டி வேணும்னு நீங்கதானே சார் எழுதினீங்க?"

"எழுதினேன். இப்பவும் கேட்டா அதத்தான் சொல்வேன். நாட்டுக்கு அப்படி ஒரு வண்டி கட்டாயம் தேவை. நீங்க அதத்தானே கேட்டீங்க? எனக்குன்னு கேக்கலியே."

அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள். கேட் வரைக்கும் வழியனுப்ப வந்தவர், தெருவில் நின்ற வண்டியைக் கண்களைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதுலயா வந்தீங்க?"

கம்பெனி அவளுக்குக் கொடுத்திருந்த கார் அது. திரை, பின்னால் பார்க்கும் கேமரா, சூடேறும் சீட்டு எல்லாம் உண்டு. போன வருஷம் புது வண்டி மாற்றிக்கொள்ளச் சொன்னபோது, சின்னவன் வரப்போகிறது என்று தெரிந்திருந்தும், அவளே தேர்ந்தெடுத்தது. அப்போது அது ஒரு விஷயமாகவே அவளுக்குப் படவில்லை. குமாஸ்தா நல்ல மனுஷர். "பாத்துப் போங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு இக்னிஷனைத் திருப்ப அவளுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

வாங்கியிருந்த மூவரில் ஒருத்தி நர்ஸ். பிரசவம் ஆன வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிற வேலை. ஐந்து மாதத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தாள்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், இது என்னக் கைவிட்டதில்ல மேடம். கொட்டற மழைல, ரோடே இல்லாத எடத்துக்கெல்லாம் போயிருக்கேன். என் கூடப்பிறந்தவன்கூட இப்படி இருக்க மாட்டான்."

சர்வே மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருவராவது இருக்கிறாரே என்று எழுந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கத்தில் அந்த உலோகப் பட்டையைக் காணோம். பசை இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக மங்கித் தெரிந்தது.

"பட்டை விழுந்திடுச்சா?"

நர்ஸ் தயங்கினாள். "நான்தான் பேத்து எடுத்தேன். தப்பா நினைக்காதீங்க. புதுசாப் போற வீட்ல மொதல்ல காரப் பாக்கறாங்க, அப்புறம்தான் என்னப் பாக்கறாங்க. ஒரு வீட்டுல பாட்டியம்மா, 'கைராசியான நர்ஸா இருந்தா இந்நேரம் நல்ல கார் வாங்கியிருப்பா'ன்னு என் காதுபடவே சொன்னாங்க. இப்பல்லாம் புது வீடுன்னா வண்டிய அடுத்த தெருவுல விட்டுட்டு நடந்து போயிடறேன்."

ஒன்பதாம் நாள் விற்பனைத் தலைவர் அவளுடைய அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஷோரூம்காரங்க சின்னவனக் காட்டறதே இல்லன்னு எழுதிடுங்க. அவங்களுக்கு இதுல கிடைக்கறது கம்மி, அதனால பெரிய வண்டிப் பக்கம் தள்ளி விடறாங்க. பாதி உண்மைதானே? உங்க தலையும் தப்பும், என் தலையும் தப்பும். ஷோரூம மாத்திப் பாக்கலாம்னு டைரக்டர் ஆறு மாசம் குடுப்பாரு. ரெண்டாவது ஷிப்டும் ஓடும்."

கடைசி வாக்கியம்தான் அவளை உலுக்கியது. ஷிப்ட் ஓடும். முன்னூறு பேர். எழுதுவதற்கு ஒரு பக்கம் போதும்.

"யோசிச்சு சொல்றேன் சார்."

"யோசிக்க என்ன இருக்கு? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மீட்டிங்."

அவர் போனபின் கணினியில் அந்த ஒரு பக்கத்தை அடித்தும் பார்த்தாள். நன்றாகவே வந்தது. வாசிக்கிற யாரும் நம்புவார்கள். ஆறு மாதத்தில் இன்னும் எத்தனை வண்டிகள் செய்து எங்கே நிறுத்துவார்கள் என்ற நினைப்பு வந்தது. எழுதியதை அழித்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபோது திரையில் ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றபோது கையில் ஒரே ஒரு பழைய படிவம் இருந்தது. தன் கேள்வியை வாய்விட்டுப் படித்தாள்.

"தேவைன்னு நினைக்கிறீங்களான்னு கேட்டிருக்கேன். யாருக்குத் தேவைன்னு கேக்கல. ஜனங்க பொய் சொல்லல சார். எல்லாருக்கும் நல்லது எதுன்னு நான் கேட்டேன், அவங்க மனசறிஞ்சு சொன்னாங்க. அவங்க வீட்டு வாசல்ல எது நிக்கணும்னு நான் கேக்கவே இல்ல. தப்பு என் கேள்வியில இருக்கு."

விற்பனைத் தலைவர் தன் பேனா மூடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷோரூம்ல பெரிய வண்டிப் பக்கம் தள்ளி விடறாங்கன்னு சொன்னாங்களே?" என்றார் டைரக்டர்.

"அவங்க தள்ள வேண்டிய அவசியமே இல்ல சார். நான் கூடவே உக்காந்து பாத்தேன்."

"சரி, நிஜமா இத வேணும்னு நினைக்கறவங்க எத்தன பேரு?"

"நூத்துக்குப் பத்து. கூடக் குறைய இருக்கலாம். வண்டிய வச்சு வேலைக்குப் போறவங்க. நர்ஸ், பைப் வேலை பாக்கறவரு, மருந்து கொண்டு போறவங்க. அவங்களும் காருக்காகத்தான் வாங்கறாங்க, அந்தப் பட்டைக்காக இல்ல. அதப் பேத்துட்டு ஓட்டறாங்க."

டைரக்டர் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி இது உங்களுக்குத் தெரியலியா?"

"தெரியல சார்." சொல்வதா வேண்டாமா என்று தடுமாறி, சொல்லிவிட்டாள். "தெரிஞ்சிக்கவும் நான் ஆசைப்படல. வந்த பதில் எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துது."

முடிவு மத்தியானமே வந்துவிட்டது. சின்னவன் ஒரே ஷிப்டில், குறைந்த எண்ணிக்கையில் ஓடும். பின்பக்கப் பட்டை இனி கிடையாது. வேலைக்கென்று வாங்குகிறவர்களிடம் நேரடியாகப் போய் விற்பார்கள். இரண்டாவது ஷிப்டில் பெரும்பாலோரைப் பெரிய கார் பிரிவுக்கு மாற்றுவார்கள். அறுபத்திரண்டு பேருக்கு மட்டும் இடம் இல்லை. அவளுடைய ஆய்வுப் பிரிவு இனிமேல் விற்பனைத் தலைவரின் கீழே.

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவதற்கு முன் லைன் சூப்பர்வைசரிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று கீழே இறங்கிப் போனாள். அவர் பட்டியலை வாங்கி, டார்ச் வேண்டியிராத வெளிச்சத்தில் டார்ச்சை அடித்து, ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"என் மச்சான் பேர் இருக்கு," என்றார்.

"சார், நான்..."

"ஒண்ணு கேக்கறேன் மேடம். ஊழியர் விலைல சின்னவன எங்களுக்குக் கம்மியாத் தர்றோம்னு சொன்னீங்களே, இந்த ஷிப்ட்ல எத்தன பேர் வாங்கினோம் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது.

"நாலு பேர். நான் வாங்கல. ஒவ்வொரு நட்டும் என் கண்ணு முன்னாடி முடுக்கினது, அத மாதிரி வண்டி வேற எங்கயும் கிடைக்காதுன்னு சத்தியம் பண்ணுவேன். ஆனா வாங்கல. என் பொண்ணு, 'அப்பா, அதுல காலேஜ்ல கொண்டு விட்டா நான் கேட்டுக்கு முன்னாடியே இறங்கிடுவேன்'னா. எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும் மேடம். நீங்க நாலாயிரம் வீட்டுக்கு ஆள் அனுப்பினீங்க. மாடியிறங்கி வந்து எங்கள யாரும் கேக்கல."

அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதப் பலகைல ஒட்டாதீங்க. எல்லாரும் கேன்டீன்லதான் இருக்காங்க. வந்து நீங்களே சொல்லுங்க."

"நானா? எச்.ஆர். ஆபீஸர்தான் சார் சொல்லணும்."

"அவரு பேரப் படிப்பாரு. ஏன்னு சொல்ல அவருக்குத் தெரியாது."

கேன்டீனில் தட்டுகளின் சத்தம் அவள் நுழைந்ததும் அடங்கியது. மைக் எதுவும் இல்லை. என்ன கேட்டாள், என்ன பதில் வந்தது, எங்கே தவறினாள் என்று, நர்ஸ் சொன்னது உட்பட, ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பிறகு பெயர்களைப் படித்தாள். அறுபத்திரண்டையும் படிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "உங்க வேலை போச்சா மேடம்?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள்.

அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனான். அவன் பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. அவள் கதவோரம் நின்றிருந்தாள். சிலர் தலையசைத்துவிட்டுப் போனார்கள், பலர் பார்க்காமலே போனார்கள். சூப்பர்வைசரின் மச்சான் மட்டும் அருகே வந்து, அந்த நர்ஸ் வண்டி இன்னும் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுகிறது என்றாள். "ஓடும், ஓடும்," என்றான்.

எட்டு மாதத்தில் அந்த அறுபத்திரண்டு பேரில் முப்பத்தெட்டு பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மற்றவர்களில் பலர் வேறு வேறு இடங்களுக்குப் போனார்கள். நாலைந்து பேரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சின்னவன் இன்றைக்கும் மெதுவாக விற்றுக்கொண்டிருக்கிறது. சர்வே மேடம் வேலையை விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கீழே லைனுக்குப் போய் நிற்கிறாள். முதலில் யாரும் அவளுடன் பேசவில்லை. இப்போது கொஞ்சம் பேசுகிறார்கள்.